அட்டாக்: யார், யாரை?

போன எபிசோட்ல கோட்டைகள் பத்திப் பேசினோம். இன்னிக்கு ஒரே ஒரு வினைச்சொல். அட்டாக். இந்த ஒரு சொல்லுக்கு எதுக்கு முழு எபிசோட்னு கேட்டீங்கன்னா, எங்க கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றுல ஒரு பெரிய சண்டை இந்தச் சொல்லை எங்க போடுறோம், எங்க போடாம விடுறோம் என்பதுலதான் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. அங்க போறதுக்கு முன்னாடி சொல்லை கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

ஒட்ட வைக்கிற சொல்

நான் வேலை பார்க்கிற துறையில இந்தச் சொல் தினமும் காதுல விழும். டிடாஸ் அட்டாக், புரூட் ஃபோர்ஸ் அட்டாக், ஃபிஷிங் அட்டாக். அதே நாள்ல ஒரு நூறு தடவை இன்னொரு சொல்லையும் சொல்வோம்: அட்டாச். மெயில்ல ஃபைல் அட்டாச் பண்ணியாச்சா, டிக்கெட்ல ஸ்க்ரீன்ஷாட் அட்டாச் பண்ணியாச்சா. இந்த ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைகள்.

இத்தாலிய மொழியில 'அட்டாக்காரே'ன்னா ஒட்ட வைக்கிறது, இணைக்கிறது. படைகள் எதிரெதிரா வந்து மோத ஆரம்பிக்கிறதை, 'போரை இணைக்கிறது'ன்னு சொன்னாங்க. அதுல இருந்து பிரெஞ்சுல 'அட்டாக்கே', அங்கிருந்து 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துல 'அட்டாக்'. அட்டாச் அதுக்கு முன்னாடியே, பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்துடுச்சு. ஒரே வேர், ரெண்டு வழி, ரெண்டு வேலை.

கேட்கும்போது வினோதமா இருக்கும். ஆனா நம்ம தமிழ்லயும் இதே யோசனை உண்டு. 'கைகலப்பு'ன்னு சொல்றோமே, அந்தச் சொல்லை அப்படியே பாருங்க. கைகள் ஒண்ணோட ஒண்ணு கலக்குது, அவ்வளவுதான். அடிதடின்னு அர்த்தம் அதுக்குப் பின்னால வருது.

மத்த ஆங்கிலச் சொற்களும் இப்படித்தான், உடம்போட ஒரு அசைவுல இருந்து பிறந்தவை. 'அசால்ட்'டும் 'அசெயில்' என்பதும் லத்தீன்ல மேல குதிக்கிறதைக் குறிக்கிற வேர்ல இருந்து வந்தவை. நம்ம 'பாய்ந்தான்' மாதிரி. 'சீஜ்', அதாவது முற்றுகை, உட்கார்றதுல இருந்து வந்தது. கோட்டை வாசல்ல போய் உட்கார்ந்துடறது. 'ரெய்டு' என்பது 'ரோடு'க்கு ஸ்காட்லாந்துக்காரங்க சொன்ன உருவம். குதிரை ஏறிப் போறது. இன்னிக்கு நம்மூர்ல ரெய்டுன்னா வருமான வரி அதிகாரிகள் இன்னோவாவுல வர்றாங்க. குதிரை மட்டும்தான் மாறியிருக்கு. டச்சு மொழியில தாக்குதலுக்குச் சொல் 'ஆன்வல்', 'மேல விழுறது'. டச்சுக்காரங்க எங்க ஊருக்கு நிஜமாவே வந்து மேல விழுந்தாங்க, அதுக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

எல்லைப்புறத்துக்காரனா எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு இருக்கு. சமஸ்கிருதத்துல 'க்ரம்' என்ற வேருக்கு அடியெடுத்து வைக்கிறதுன்னு பொருள். அதுல இருந்து வந்த 'ஆக்கிரமணம்' மலையாளத்துல தாக்குதல். தமிழ்ல 'ஆக்கிரமிப்பு' ஆனா இடத்தைப் பிடிச்சு வைக்கிறது. களியக்காவிளை தாண்டி ஒரு மலையாளப் பேப்பரைப் பார்த்தா ஆக்கிரமிச்சாங்கன்னா அடிச்சாங்கன்னு அர்த்தம். இந்தப் பக்கம் தமிழ்ப் பேப்பர்ல ஆக்கிரமிப்பு அகற்றம்னா ரோட்டோரக் கடையை இடிக்க புல்டோசர் வருதுன்னு அர்த்தம். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் காலை வைக்கிறதுதான் ரெண்டுக்கும் பொது.

அட்டாக் வந்துட்டு

சரி, இப்போ முக்கியமான இடம். பள்ளிக்கூட இலக்கணத்தை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கோங்க. 'தூங்கினான்' என்ற வினைக்கு ஒரு ஆள் போதும். 'தாக்கினான்' என்ற வினைக்கு ரெண்டு பேர் வேணும். யார் தாக்கினது, யாரைத் தாக்கினது. எழுவாய் வேணும், செயப்படுபொருள் வேணும். நம்ம இலக்கணத்துல இதைச் 'செயப்படுபொருள் குன்றா வினை'ன்னு சொல்வாங்க. ஆங்கில அட்டாக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான்.

ஆனா நாம ஆங்கிலத்துல இருந்து இந்தச் சொல்லைக் கடன் வாங்கும்போது வினையா வாங்கலை, பெயரா வாங்கினோம். நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டுல ஃபோன் வந்தா இப்படித்தான் கேட்கும்: "மக்கா, மாமாவுக்கு அட்டாக் வந்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ." அட்டாக் வந்துட்டு. மழை வந்த மாதிரி, விருந்தாளி வந்த மாதிரி. யாரும் பண்ணலை, தானா வந்தது. மாரடைப்புக்கு இது சரியான பேச்சுதான். ரத்தக் குழாய் அடைச்சதுக்கு யார் மேல கேஸ் போடுறது?

வினை பெயரா மாறும்போது நடக்கிற வேலை இதுதான். வினையில எழுவாய் விட்டுப்போனா வாக்கியம் நொண்டும், கேட்கிறவன் உடனே "யாருடே?"ன்னு கேட்பான். பெயர்ச்சொல்லுல அந்தக் கேள்வியே எழாது. 'தாக்குதல் நடந்தது.' 'வன்முறை வெடித்தது.' 'பதற்றம் நிலவியது.' எல்லாம் முழு வாக்கியம், ஒண்ணுலயும் ஆள் கிடையாது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். சர்வர் விழுந்தா அப்புறம் ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எழுதுவோம். அதுல பேர் போடக் கூடாது என்பது எங்க துறையில ஒரு ஒழுங்கு. 'தவறான கான்ஃபிகரேஷன் டிப்ளாய் செய்யப்பட்டது'ன்னுதான் எழுதுவோம், செஞ்சது பக்கத்து சீட்டுப் பையன்னு எழுத மாட்டோம். அது நல்ல பழக்கம், நான் ஆதரிக்கிறேன். ஏன்னா அங்க யாரும் வேணும்னு பண்ணலை, பேர் போட்டா அடுத்த தடவை பயந்து மறைப்பாங்க. ஆனா வேணும்னே பண்ணின ஒரு காரியத்தையும் அதே நடையில எழுதினா என்ன ஆகும்? வரலாற்றுல அதுதான் நடந்திருக்கு.

ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு பூ

நம்ம பழைய இலக்கணம் இந்த விஷயத்துல ரொம்பக் கறார். புறத்திணைன்னு படிச்சிருப்போம், மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். ஐயனாரிதனார் எழுதின புறப்பொருள் வெண்பாமாலையை எடுத்துக்கோங்க. எதிரியோட மாட்டைக் கவர்ந்து வர்றவங்களுக்கு வெட்சிப் பூ. அந்த மாட்டை மீட்கப் போறவங்களுக்குக் கரந்தைப் பூ. அடுத்தவன் மண்ணைப் பிடிக்கப் படையெடுத்துப் போறவனுக்கு வஞ்சி. எதிர்த்து நிக்கிறவனுக்குக் காஞ்சி. கோட்டையை வளைக்கிறவனுக்கு உழிஞை. உள்ளே இருந்து காக்கிறவனுக்கு நொச்சி. ரெண்டு பேரும் ஒரு களத்துல நேருக்கு நேர் நின்னாதான் ஒரே பூ, தும்பை.

தொல்காப்பியத்துல இத்தனை பிரிவு கிடையாது. அங்க கரந்தை வெட்சிக்குள்ளேயும், நொச்சி உழிஞைக்குள்ளேயும் அடங்கியிருக்கும். பின்னால வந்தவங்க பிரிச்சு தனித்தனிப் பேர் கொடுத்தாங்க. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ஒரே மாடு, ஒரே ராத்திரி, ஒரே சண்டை. ஆனா எடுக்கப் போனவனையும் மீட்கப் போனவனையும் ஒரே சொல்லுக்குள்ள போட அவங்க ஒத்துக்கலை. மாட்டைக் கவர்ந்தவனையும் புலவர்கள் புகழ்ந்தாங்க என்பது வேற கதை. புகழ்ந்தாலும் அவன் எந்தப் பக்கம்னு பூவைப் பார்த்தே தெரிஞ்சுடும்.

குளச்சலும் ஆரல்வாய்மொழியும்

இப்போ எங்க ஊருக்கு வருவோம். மாவட்டத்துல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரிஞ்ச போர், 1741-ல நடந்த குளச்சல் போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு வேணும். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா ஒவ்வொரு சிற்றரசா தன் கீழ கொண்டு வந்துக்கிட்டிருந்தார், அது கம்பெனியோட மிளகு வியாபாரத்துக்கு இடைஞ்சல். இலங்கையில டச்சு கவர்னரா இருந்த வான் இம்ஹாஃப் இதை எதிர்த்தார். டச்சுப் படை குளச்சல்ல இறங்கி, கரையோர ஊர்களைப் பிடிச்சு, அப்போதைய தலைநகரான கல்குளம் பக்கமா, அதாவது இன்னிக்கு நாம பார்க்கிற பத்மநாபபுரம் பக்கமா, நகர்ந்தது. பிறகு மார்த்தாண்ட வர்மாவோட படை அவங்களைக் குளச்சல்லயே வளைச்சுப் பிடிச்சது. ஆகஸ்ட்ல டச்சுக்காரங்க சரணடைஞ்சாங்க.

பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் டி லனாய். அவரே பின்னால திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான்னு பேர் வாங்கி, 1777-ல இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு, புலியூர்க்குறிச்சி போனீங்கன்னா பார்க்கலாம்.

'குளச்சல் போர்' என்ற பேர்ல இடம் மட்டும்தான் இருக்கு. கடல் தாண்டி வந்து மேல விழுந்தது யார் என்பது பேர்ல இல்லை. ஆனா இங்க அது பெரிய நஷ்டமில்லை. கடைசியில ரெண்டு பக்கமும் ஆயுதத்தோட நின்ன சண்டை, தும்பைப் பூ கொடுத்துட்டுப் போயிடலாம்.

அடுத்த உதாரணத்துல அப்படி விட முடியாது. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி, எங்க மாவட்டத்துத் தலக்குளத்துல பிறந்தவர். 1808 டிசம்பர்ல அவரோட ஆட்களும் கொச்சி மந்திரி பாலியத்து அச்சனோட ஆட்களும் கொச்சியில இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலே வீட்டைத் தாக்கினாங்க. ரெசிடென்ட் தப்பிச்சுட்டார். 1809 பிப்ரவரி 10-ம் தேதி கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் கோட்டைச் சுவர் மேல ஏறித் தாக்கிப் பிடிச்சது. அங்கிருந்து நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம்னு உள்ளே வந்தாங்க. மார்ச்ல வேலுத்தம்பி மண்ணடியில உயிரை விட்டார்.

ரெண்டும் தாக்குதல்தான். ஆனா ஆங்கிலத்துல எழுதப்பட்ட வரலாறுகள்ல முதல் காரியத்துக்குப் பேர் 'இன்சரக்‌ஷன்', கிளர்ச்சி. ரெண்டாவதுக்கு வினை 'ஸ்டார்ம்', புயல் மாதிரிப் பாஞ்சு பிடிச்சாங்க. முதல் சொல்லுல ஒரு குத்தம் ஒட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டாவதுல ஒரு வீரம். நம்ம பக்கத்துப் புத்தகங்கள்ல இது அப்படியே தலைகீழ்: அவர் செஞ்சது விடுதலைப் போர், அவங்க செஞ்சது படையெடுப்பு. சொல்றவன் எந்தக் கரையில நிக்கிறான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்கும் அடுத்த படி ஒண்ணு இருக்கு: சொல்லுல இருந்து ஆளையே எடுத்துடறது.

கலகம் பண்ணினது யார்?

அதுக்கு எங்க மாவட்டத்து வரலாற்றுல இருக்கிற உதாரணம் தோள்சீலை. 19-ம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள், அன்றைய அரசுப் பதிவுகள்ல சாணார்னு எழுதப்பட்ட சமூகத்துப் பெண்கள், மேல்சாதிப் பெண்கள் மாதிரித் தோள்ல மேலாடை போடக் கூடாது. இது வெறும் ஊர் வழக்கம் கிடையாது, அரசு பாதுகாத்த சட்டம். இதே நிலை இன்னும் பல சமூகத்துப் பெண்களுக்கும் இருந்தது.

1806-ல ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததுல இருந்து சீர்திருத்தக் கிறிஸ்தவம் இங்க வேர் பிடிச்சது. மதம் மாறின பெண்கள் உடம்பை மூடி உடுத்த ஆரம்பிச்சாங்க. 1810-கள்ல ரெசிடென்ட்டாவும் திவானாவும் ஒரே நேரத்துல இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம், அதாவது ரவிக்கை மாதிரி ஒரு சட்டை, போடலாம்னு அனுமதிச்சார். பெண்கள் அதோட நிக்கலை. தோள்ல சீலையும் போட்டாங்க. மதம் மாறாத பெண்களும் போட்டாங்க.

அப்புறம் நடந்தது மூணு கட்டம்: 1822-ஐ ஒட்டி ஒண்ணு, 1820-களோட கடைசியில ஒண்ணு, 1858-59-ல ஒண்ணு. சந்தைக்குப் போன பெண்களோட மேலாடையைக் கிழிச்சாங்க. அடிச்சாங்க. வீடுகளையும் சபைக் கட்டிடங்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினாங்க. செஞ்சது நாயர் உள்ளிட்ட மேல்சாதிக் கூட்டங்கள், சில இடங்கள்ல அரசு ஊழியர்களும் உடந்தை. நடுவுல 1829 பிப்ரவரியில அரசே ஒரு அறிவிப்பு போட்டு, தோள்சீலை உங்களுக்குக் கிடையாதுன்னு சொன்னது.

அதே காலத்துல சாமித்தோப்புல வைகுண்ட சாமி தன்னைத் தேடி வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலைப்பாகையும் அன்னிக்கு மேல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். சுவாதித் திருநாள் காலத்துல அவரைத் திருவனந்தபுரத்துல சிறை வச்சாங்க. இன்னிக்கும் பதிக்குள்ள ஆண்கள் தலைப்பாகையோடதான் போவாங்க. உடுப்பு என்பது எங்க ஊர்ல வெறும் உடுப்பா இருந்ததே இல்லை.

கடைசியில சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் அழுத்தம் கொடுக்க, மாதவ ராவ் திவானா இருந்தப்போ, 1859 ஜூலை 26-ம் தேதி ராஜா உத்தரம் திருநாள் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல மத்த நாடார் பெண்களும் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக் கட்டலாம். வேற எப்படியும் உடம்பை மூடிக்கலாம். ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது. இவ்வளவு ரத்தம் சிந்தின பிறகும் அந்த 'ஆனா' போகலை.

இப்போ இந்த வரலாற்றுக்கு வச்ச பேர்களைப் பாருங்க. தமிழ்ல ரொம்ப நாளா 'தோள்சீலைக் கலகம்'. ஆங்கிலத்துல 'அப்பர் கிளாத் டிஸ்டர்பன்ஸ்', 'அப்பர் கிளாத் ரயட்ஸ்'. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968-ல எழுதின, இன்னிக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுற கட்டுரையோட தலைப்புல இருக்கிற சொல் 'கான்ட்ரவர்சி', சர்ச்சை.

கலகம், தொந்தரவு, சர்ச்சை. ஒண்ணுலயும் எழுவாய் இல்லை. அதைவிட மோசம், எழுவாய் இல்லாத இடத்துல கேட்கிறவன் தானா ஒருத்தரை உட்கார வச்சுடுவான். 'தோள்சீலைக் கலகம்'னு கேட்டா என்ன தோணும்? தோள்சீலை போட்டவங்கதான் கலகம் பண்ணினாங்கன்னு தோணும். துணியைக் கிழிச்சவன் அந்தப் பேர்ல எங்கயுமே இல்லை. உடுத்தினவள்தான் இருக்கா, அதுவும் கலகக்காரியா.

நான் இதை ரெண்டு வினையில எழுதிப் பார்த்தேன். 'பெண்கள் மேலாடை உடுத்தினார்கள். உடுத்திய பெண்களை மேல்சாதிக் கூட்டங்கள் தாக்கின.' அவ்வளவுதான். முதல் வாக்கியத்துல பெண்கள் எழுவாய், ரெண்டாவதுல செயப்படுபொருள். எது முதல்ல நடந்தது, எது அதுக்குப் பதிலா நடந்தது, யார் கையில துணி, யார் கையில தடி, எல்லாம் அதுல வந்துடுது.

போராட்டம் என்ற பேர்

கொஞ்ச காலமா பேர் மாறுது. 'தோள்சீலைப் போராட்டம்' என்ற சொல்தான் இப்போ பரவலா இருக்கு. 2023 மார்ச்ல நாகர்கோவில்ல அதோட 200-வது ஆண்டு நிகழ்ச்சி நடந்தப்போ, தமிழ்நாடு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில வந்தாங்க. மேடையில இருந்த பேர் போராட்டம்தான், கலகம் இல்லை.

இது பெரிய முன்னேற்றம். தாக்குதல்னு மட்டும் சொன்னா அந்தப் பெண்கள் வெறும் அடி வாங்கினவங்களா நின்னுடுவாங்க. அடி விழும்னு தெரிஞ்சே அடுத்த வாரமும் சீலை போட்டுக்கிட்டு சந்தைக்குப் போனவங்க அவங்க. அந்தத் துணிச்சல் போராட்டம் என்ற சொல்லுல வருது. ஆனா போராட்டம்னு மட்டும் சொன்னாலும் ஒரு குறை: யாரை எதிர்த்து என்பது மறுபடியும் மங்கிடுது. அதனாலதான் எனக்கு ரெண்டு வாக்கியமும் வேணும்னு தோணுது.

சிலருக்கு ஒரு வாக்கியமே அதிகம். ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்துல உடைகளைப் பத்தின ஒரு பாடத்துல இந்தச் சம்பவம் இருந்தது. எங்க சமூகத்தைப் பத்தி இப்படி எழுதலாமான்னு எதிர்ப்பு வந்தது, கோர்ட் வரைக்கும் போனது. 2016 டிசம்பர்ல சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியில இருந்து தேர்வுல கேள்வி வராதுன்னு சுற்றறிக்கை அனுப்பினது. 2019-ல அந்தப் பாடமே புத்தகத்துல இருந்து போயிடுச்சு. முதல்ல எழுவாய் போச்சு, அப்புறம் வாக்கியம் போச்சு, அப்புறம் பக்கமே போச்சு.

ரெண்டு எதிர்க்கேள்வி

இதைச் சொன்னா நண்பர்கள் ரெண்டு கேள்வி கேட்பாங்க. ரெண்டும் நியாயமான கேள்வி.

முதல் கேள்வி: பேர் போட்டுச் சொன்னா பழைய பகை கிளறாதா? இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா ஒரே ஸ்கூல்ல படிக்கிறோம், ஒரே பஸ்ல போறோம். இதுக்கு என் பதில் இலக்கணத்துலயே இருக்கு. 'தாக்கினார்கள்' இறந்தகால வினை. அதுக்கு ஒரு வருஷம் உண்டு, ஒரு இடம் உண்டு, அன்னிக்கு அந்தச் சந்தையில நின்ன ஆட்கள்தான் எழுவாய். அவங்களோட கொள்ளுப்பேரன் அந்த வாக்கியத்துல இல்லை. பகையை வளர்க்கிறது பெயர்ச்சொல்தான். 'அவங்க எப்பவுமே அப்படித்தான்'ன்னு சொல்றதுல வினையும் இல்லை, தேதியும் இல்லை. சரியா எழுதின வினை குத்தத்தைச் செஞ்சவனோட நிறுத்திடும்.

ரெண்டாவது கேள்வி: எல்லாக் கலவரத்துலயும் ஒருத்தன் தாக்கினான், ஒருத்தன் வாங்கினான்னு சுத்தமாப் பிரிக்க முடியுமா? முடியாது. 1982 மண்டைக்காடு அப்படி. கொடை நாள்ல கடற்கரையில ஆரம்பிச்சது, போலீஸ் துப்பாக்கிச் சூடு, பிறகு மாவட்டம் முழுக்க இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கிட்டாங்க. எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல இருந்து கதையைத் தொடங்குவாங்க. நீதிபதி வேணுகோபால் கமிஷன் போட்டு விசாரிச்சாங்க. விசாரணைக் கமிஷனோட வேலையே இதுதான், பெயர்ச்சொல்லைத் திரும்ப வினையா மாத்துறது. 'கலவரம் நடந்தது' என்ற ஒரு வரியை எடுத்துக்கிட்டு, இந்தத் தேதியில, இந்த ஊர்ல, இவங்க, இவங்களை, இப்படின்னு நூறு வரியாப் பிரிக்கிறது. ரெண்டு பக்கமும் எழுவாயா வந்தாலும் வரட்டும். கலவரம்னு சொல்றது தப்பில்லை, அந்தச் சொல்லோட நிறுத்திக்கிறதுதான் தப்பு.

எழுவாய் இருந்தாலும் ஏமாறலாம், அதையும் சொல்லிடறேன். 2017 நவம்பர் கடைசியில 'ஒக்கி புயல் குமரியைத் தாக்கியது'. இலக்கணப்படி எல்லாம் இருக்கு: தாக்கினது புயல், வாங்கினது குமரி. ஆனா கடலுக்குப் போன ஆட்கள் திரும்பி வராத ஊர்கள்ல கேள்வியே வேற. எச்சரிக்கை எப்போ வந்தது, தேடப் போக ஏன் இவ்வளவு நேரம்? டிசம்பர்ல குழித்துறையில மீனவக் குடும்பங்கள் தண்டவாளத்துல உட்கார்ந்து கேட்டது அதைத்தான். புயலை எழுவாயாப் போட்டா வாக்கியம் நிறைஞ்சுடுது. எச்சரிக்க வேண்டியவங்க அந்த வாக்கியத்துக்கு வெளியில நின்னுடறாங்க.

போறதுக்கு முன்னாடி

இத்தனையும் கேட்டுட்டு நீங்க ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கிட்டா போதும். 'இரு பிரிவினரிடையே மோதல்', 'பதற்றம்', 'அசம்பாவிதம்', இப்படி ஒரு தலைப்பு மொபைல்ல வந்தா, ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. யார்? யாரை? செய்திக்குள்ள பதில் இருந்தா நல்லது. உண்மையிலேயே இன்னும் தெரியலைன்னா அதுவும் நியாயம், காத்திருக்கலாம். தெரிஞ்சும் எழுதலைன்னா, ஏன் எழுதலைன்னு மூணாவது கேள்வி கேளுங்க.

'தாக்குப்பிடிக்கிறது'ன்னு தமிழ்ல ஒரு சொல் இருக்கு. விழுற அடியைத் தாங்கி விழாம நிக்கிறது. ஆங்கில அட்டாக்குக்குள்ள இப்படி ஒரு சொல் ஒளிஞ்சிருக்கிறதா எனக்குத் தெரியலை. நம்ம தாக்குக்குள்ள தாக்குறவனும் இருக்கான், தாக்குப்பிடிக்கிறவளும் இருக்கா. 1859 சந்தையில சீலையைத் தோள்ல இழுத்து விட்டுக்கிட்டு நடந்த பெண்களுக்கு எனக்குத் தெரிஞ்ச சரியான வினை அதுதான்.

உங்க ஊர்லயும் இப்படிக் 'கலகம்', 'கலவரம்', 'சம்பவம்'னு பேர் வச்ச ஒரு வரலாறு இருக்கும். வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, யார் யாரை என்ன செஞ்சாங்கன்னு ரெண்டு வாக்கியத்துல வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெயர்ச்சொல் வேண்டாம், வினையா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல நாஞ்சில் நாட்டுக் குளங்கள், அவற்றை வெட்டினது யார், தூர்த்தது யார். சந்திப்போம் மக்களே.